காந்தி கையில் அணுகுண்டு! கம்ப்யூட்டருக்குள் கடாரம் கொண்டான்!

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

பீனியாவில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு அப்பா வீடு திரும்புகிறார். கல்லூரியில் படிக்கும் மகன் விடிய விடியத் தூங்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். முகத்தில் கவலை.

"என்னடா ஆச்சு?" என்று பதறிப்போய்க் கேட்கிறார் அப்பா.

"மோசம் போயிட்டேன்ப்பா. காந்தி என் தலைநகர் மேல அணுகுண்டு போட்டுட்டாரு!"

அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது. எந்தக் காந்தி? நம்முடைய காந்தியா? அகிம்சைக் காந்தியா?

ஆமாம், அதே காந்திதான். கைத்தடி, மூக்குக் கண்ணாடி, பொக்கை வாய்ச் சிரிப்பு. ஆனால் அவர் இருப்பது சபர்மதி ஆசிரமத்தில் அல்ல. 'சிவிலைசேஷன்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்! அங்கே அவர் இந்தியாவின் தலைவர். எதிரே நெப்போலியன் இருக்கிறார். செங்கிஸ்கான் இருக்கிறார். ஆபிரகாம் லிங்கன் இருக்கிறார்.

இந்த வரிசையில் நம் ஊர் ராஜாக்களையும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்று சில இளைஞர்களுக்கு ஆசை வந்தது. ஆசை வந்ததோடு நிற்கவில்லை. உட்கார வைத்தும் விட்டார்கள். சம்பளம் கிடையாது. பட்டம் கிடையாது. ராத்திரி கண் விழித்துச் செய்த வேலை. அந்தக் கதை சுவையானது. கொஞ்சம் சங்கடமானதும் கூட.

கி.மு. 4000-ல் ஆரம்பம்

அமெரிக்காவில் சிட் மெயர் என்பவர் புரூஸ் ஷெல்லி என்பவருடன் சேர்ந்து 1991-ம் ஆண்டு உருவாக்கியது இந்த விளையாட்டு. ஆட்டம் கி.மு. 4000-ல் தொடங்கும். ஆடுபவரிடம் குடியேற வந்த ஒரு சிறு கூட்டம் மட்டும் இருக்கும். அதை வைத்து ஓர் ஊரை உண்டாக்க வேண்டும். பிறகு உழவு, எழுத்து, சக்கரம், இரும்பு, துப்பாக்கி, ரெயில், மின்சாரம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து முன்னேற வேண்டும். உலகம் முழுவதையும் ஜெயிக்கலாம். அல்லது மற்றவர்களுக்கு முன்னால் விண்கலம் அனுப்பியும் ஜெயிக்கலாம்.

அவசரம் இல்லாத ஆட்டம் இது. சதுரங்கம் மாதிரி, நீங்கள் காய் நகர்த்தினால்தான் அடுத்தவர் நகர்த்துவார். "இன்னும் ஒரே ஒரு முறை" என்று ஆடிக்கொண்டே இருந்து பொழுது விடிந்தவர்கள் ஏராளம்.

முதல் பதிப்பில் மொத்தம் 14 நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்கும் சரித்திரத்தில் இருந்து ஒரு தலைவர். இந்தியாவுக்குக் காந்தி. அவர் ராஜா அல்ல, ஒரு நாள் கூட ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் அல்ல என்பதெல்லாம் அமெரிக்காக்காரர்களுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

காந்தி ஏன் குண்டு போட்டார்?

காந்தி அணுகுண்டு போடுகிறார் என்பது உலகம் முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்த ஒரு செய்தி. அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள்.

லாரியில் ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 0-வில் இருக்கும்போது அதைப் பின்பக்கமாகச் சுற்றினால் என்ன ஆகும்? 99999 என்று காட்டும். அந்த மாதிரி, காந்தியின் சண்டைக் குணத்துக்கு வெறும் 1 என்று எண் கொடுத்திருந்தார்களாம். அவர் ஜனநாயக ஆட்சிக்கு மாறியதும் 2 குறையுமாம். 1-ல் 2 போனால் பூஜ்யத்துக்குக் கீழே போகத் தெரியாமல், எண் சுற்றிக்கொண்டு 255-க்குப் போய்விட்டதாம். அதனால் சாந்தமூர்த்தியாக இருந்தவர் சங்கார மூர்த்தி ஆகிவிட்டாராம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மை அல்ல. 2020-ல் வெளியான தமது நினைவுக் குறிப்பு நூலில் சிட் மெயரே இதை மறுத்துவிட்டார். அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று சொல்லிவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2010-ல் வந்த 5-ம் பதிப்பில் காந்திக்கு அணுகுண்டு ஆசையை வேண்டுமென்றே வைத்தார்கள். ஒவ்வொரு குணத்துக்கும் அதிகபட்சம் 10 என்பது கணக்கு. காந்தியின் அணுகுண்டு ஆசைக்கு மட்டும் 12! ஆட்டம் தொடங்கும்போது இந்த எண்கள் 2 கூடலாம், 2 குறையலாம். 12-ல் 2 குறைந்தாலும் 10. ஆகவே காந்தி தப்பவே முடியாது. கேலிக்காகச் செய்த வேலை.

இதில் இருந்து ஒன்று விளங்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மகாத்மாவும் சரி, மகாராஜாவும் சரி, கடைசியில் ஒரு கோப்பில் எழுதி வைத்த சில எண்கள்தான். எண்ணை மாற்றினால் ஆளே மாறிவிடுவார்.

சட்டையைப் பிடித்துத் தைப்பது போல

அந்தக் கோப்பைத் திறந்து மாற்றுகிற வேலைக்குத்தான் 'மாட்' என்று பெயர். 'மாடிபிகேஷன்' என்பதன் சுருக்கம்.

ரெடிமேடு சட்டை வாங்குகிறோம். தோளில் தொளதொள என்று இருக்கிறது. தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்துக்கொள்கிறோம் அல்லவா? அதே மாதிரி, கடையில் விற்கும் ஆட்டத்தை வாங்கி, தங்களுக்குப் பிடித்த மாதிரி ஆல்டர் செய்துகொள்கிறார்கள். செய்ததை மற்றவர்களுக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். விளையாட்டுக் கம்பெனியும் இதைத் தடுப்பது இல்லை. அதற்கான கருவிகளைத் தானே கொடுக்கிறது. கம்பெனிக்கு லாபம்தானே! செலவில்லாமல் ஆட்டம் வளர்கிறது.

இந்தியாவைப் பொறுத்தவரை கம்பெனிக்காரர்கள் வெகுகாலம் காந்தியோடு நின்றுவிட்டார்கள். 2005-ல் வந்த 4-ம் பதிப்பில் அசோகர் சேர்ந்தார். 6-ம் பதிப்பின் இணைப்பாக 2018-ல் சந்திரகுப்த மவுரியர் வந்தார். மூவரையும் பாருங்கள். ஒருவர் குஜராத்தில் பிறந்தவர். மற்ற இருவரும் பாடலிபுத்திரத்தில் இருந்து ஆண்டவர்கள். விந்தியத்துக்குத் தெற்கே ஒருவரும் இல்லை. ஆட்டத்தில் இந்தியா என்றால் ஒரே நாடு, ஒரே நிறம், ஒரே ஊர்ப் பட்டியல்.

இந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பியவர்கள்தான் மாட் செய்பவர்கள்.

இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேல் டிரோவட்டோ என்பவர் 4-ம் பதிப்புக்கு ஒரு மாட் செய்தார். ஒவ்வொரு நாடும் சரித்திரத்தில் தோன்றிய காலத்தில், தோன்றிய இடத்திலேயே ஆட்டத்திலும் தோன்றும். அது மிகவும் நன்றாக இருந்ததால், 2007-ல் கம்பெனியே அதைத் தன் இணைப்பில் சேர்த்து வெளியிட்டது. பிறகு வேறு சிலர் அந்த மாட்டின் மேல் இன்னொரு மாட் கட்டினார்கள். அதில்தான் இந்தியாவில் இருந்து தனியாக 'தமிழர்' என்று ஒரு நாடு ஆட்டத்துக்குள் வந்தது. அதன் தலைவராக ராஜேந்திர சோழன் வந்து நின்றான். அந்த ஆட்டத்தில் தமிழர் ஜெயிக்க வேண்டுமானால் தக்காணத்தையும் கடல் கடந்த ஸ்ரீவிஜயத்தையும் பிடித்தாக வேண்டும். கடல் வாணிபத்தில் பொன் குவிக்க வேண்டும். சரித்திரம் படித்த ஆசாமிகள் செய்தது என்பது பார்த்தவுடனே தெரியும்.

ராஜாவை எப்படி உள்ளே கொண்டுவருவது?

ராஜேந்திரனையே எடுத்துக்கொள்வோம். 1014 முதல் 1044 வரை ஆண்டவன். கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டியவன். 1025-ல் கடல் கடந்து கடாரத்தைத் தாக்கியவன். இவனை ஆட்டத்தில் சேர்க்க வேண்டும் என்றால் என்னென்ன தேவை?

முதலில் பெயர். இங்கேயே முட்டுக்கட்டை! இந்த ஆட்டம் தமிழில் வெளிவரவில்லை. பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் 'ழ' கிடையாது. ஆகவே சோழன் 'சோலா' ஆகிறான். உறையூரும் பழையாறையும் என்ன பாடுபடும் என்று சொல்லவேண்டியது இல்லை. தஞ்சாவூரைத் 'தஞ்சாவூர்' என்றே எழுதுவதா, வெள்ளைக்காரன் வைத்த 'டாஞ்சூர்' என்று எழுதுவதா என்பதில் கூட சர்ச்சை வரும்.

அடுத்து ஊர்ப் பட்டியல். ஆடுபவர் புது ஊர் உண்டாக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் இந்தப் பட்டியலில் இருந்து ஒரு பெயரை எடுத்து வைக்கும். இருபது, முப்பது பெயராவது வேண்டும். தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், பழையாறை, உறையூர், காஞ்சிபுரம், நாகப்பட்டினம், காவிரிப்பூம்பட்டினம் என்று வரிசையாகப் போகலாம். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் மலையூர், இலங்காசோகம், மாப்பப்பாளம், மாதமாலிங்கம், மாநக்கவாரம், கடாரம் என்று அழகழகான பெயர்கள் வருகின்றன. ஆனால் அவசரப்பட்டு அவற்றைப் பட்டியலில் சேர்க்கக்கூடாது. அவை பிடித்த ஊர்கள். சோழன் உண்டாக்கியவை அல்ல.

பிடித்த ஊருக்குப் புதுப் பெயர் வைப்பதும் சோழர் வழக்கம். மைசூர் அருகே காவிரிக்கரையில் உள்ள தலைக்காடு 'ராஜராஜபுரம்' ஆயிற்று. இலங்கையின் பொலனறுவை 'ஜனநாத மங்கலம்' ஆயிற்று. கோலார் வட்டாரம் 'நிகரிலிச் சோழ மண்டலம்' ஆயிற்று. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர் இந்தப் பெங்களூரில் இருக்கிறார்கள். தங்கள் ஊர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு சோழப் பட்டப்பெயரைச் சுமந்தது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! கோலாரம்மா கோவிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம்.

முகத்துக்கு எங்கே போவது?

பெயர் கிடைத்துவிட்டது. அடுத்து முகம். தலைவர் திரையில் வந்து நின்று பேச வேண்டுமே!

அக்பர் என்றால் ஓவியம் இருக்கிறது. லிங்கன் என்றால் புகைப்படமே இருக்கிறது. ராஜேந்திர சோழன் எப்படி இருந்தான்? யாருக்கும் தெரியாது.

தஞ்சைப் பெரிய கோவிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு நடையில் சோழர் கால ஓவியங்கள் இருப்பது 1931-ல் வெளிப்பட்டது. அதில் தாடி வைத்த ஒருவரும் அருகே இன்னொருவரும் இருக்கும் ஓவியத்தைக் கருவூர்த் தேவரும் ராஜராஜனும் என்று பாடப் புத்தகத்தில் போட்டார்கள். அது ராஜராஜன்தானா என்று சந்தேகப்படும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் சிவபெருமான் சண்டேசருக்குப் பூமாலை சூட்டும் சிற்பம் பிரசித்தம். அங்கே பணிந்து அமர்ந்திருப்பது ராஜேந்திரனையே குறிக்கும் என்று சிலர் கருதுகிறார்கள். அதுவும் கருத்துதான், கையெழுத்துப் போட்ட சாட்சி இல்லை.

ஆகவே மாட் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள்? சிலைகளைப் பார்த்து நகை, கிரீடம், உடை எல்லாம் தெரிந்துகொள்கிறார்கள். முகத்தைக் கற்பனையாகப் போடுகிறார்கள். 1973-ல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்த 'ராஜராஜ சோழன்' நினைவிருக்கிறதா? சோழ ராஜா என்றாலே சிவாஜி கணேசனின் மீசையும் மிடுக்கும் நம் கண் முன்னால் வருவதற்கு அதுதான் காரணம். மாட் செய்பவர் எங்கே பிறந்தவராக இருந்தாலும், தமிழ்ப் பிள்ளையாக இருந்தால் அந்தச் சாயல் எப்படியோ வந்து ஒட்டிக்கொள்ளும்!

கம்பெனிக்காரர்கள் தங்கள் தலைவர்களை நடமாட வைக்கிறார்கள். கையை ஆட்டுவார்கள், கோபித்துக்கொள்வார்கள். அதற்குப் பெரிய செலவு. தனி ஆளால் முடியாது. அதனால் பெரும்பாலான மாட்களில் ராஜா அசையாத படமாகத்தான் நிற்பார். பின்னணியில் ஒரு கோபுரம், ஒரு கப்பல்.

அந்தக் கப்பலும் ஒரு வில்லங்கம்! ராஜேந்திரனின் போர்க்கப்பல் இப்படித்தான் இருந்தது என்று காட்டும் படமோ சிற்பமோ நம்மிடம் இல்லை. கடாரம் வரைக்கும் போய் வந்த கடற்படை, தன் உருவத்தை மட்டும் விட்டுச் செல்லவில்லை.

ஆடு புலி ஆட்டம்

இனிமேல்தான் உண்மையான வேலை: எண்கள் போடுவது.

இந்தத் தலைவருக்குச் சண்டைக் குணம் எவ்வளவு? நட்புக் குணம் எவ்வளவு? கோவில் கட்டும் ஆசை எவ்வளவு? கடல் மேல் மோகம் எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் எண் தரவேண்டும். அதோடு வேறு யாருக்கும் இல்லாத தனிச் சக்தி ஒன்றும் தரவேண்டும். கடலோர ஊரைப் பிடித்தால் இரட்டிப்புப் பொன் என்று வைக்கலாம். ஏரி வெட்டினால் விளைச்சல் கூடும் என்று வைக்கலாம். கங்கை நீரைக் கொண்டுவந்து ஊற்றிச் 'சோழகங்கம்' என்று ஏரிக்குப் பெயர் வைத்தவனுக்கு இதுவும் பொருத்தம்தான்.

இங்கேதான் பாசம் கண்ணை மறைக்கும். நம் ராஜா ஆயிற்றே என்று எல்லா எண்ணையும் 10 போட்டுவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் ஆட்டம் செத்துவிடும்! பத்து நிமிஷத்தில் உலகத்தையே பிடித்துவிட்டால் அப்புறம் ஆடுவதற்கு என்ன இருக்கிறது?

நம் கிராமத்து ஆடு புலி ஆட்டத்தைப் பாருங்கள். புலி 3. ஆடு 15. புலிக்குப் பலம் அதிகம், எண்ணிக்கை குறைவு. ஆட்டுக்கு எண்ணிக்கை அதிகம், பாய முடியாது. அதனால்தான் திண்ணையில் உட்கார்ந்து இத்தனை காலம் ஆடியும் அலுக்கவில்லை. நல்ல மாட் செய்பவனும் அந்தக் கணக்கைத்தான் பார்க்கிறான். கடலில் பலம் கொடுத்தால் தரையில் ஒரு பலவீனம் வைக்கிறான். போட்டுப் பார்த்து, ஆடிப் பார்த்து, திருத்துகிறான். ஒரு ராஜாவுக்கு வாரக்கணக்கில் கூட ஆகும்.

அந்தப் பக்கத்து ஆட்கள் என்ன சொல்வார்கள்?

நம் ராஜா நமக்கு வீரன். அடுத்தவருக்கு?

இது கன்னட நாட்டில் வாழும் தமிழர்கள் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம்.

வட கர்நாடகத்தில் ஹொட்டூர் என்ற ஊரில் ஒரு கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காலம் 1007. மேலைச் சாளுக்கிய மன்னன் சத்தியாச்சிரயன் காலத்தது. சோழன் 9 லட்சம் பேர் கொண்ட படையோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணர்களையும் கொன்றான் என்று அது குற்றம் சாட்டுகிறது.

9 லட்சம் என்பது மிகை என்று வைத்துக்கொள்ளலாம். எதிரி எழுதியது, கூட்டித்தான் சொல்லியிருப்பான் என்றும் சொல்லலாம். ஆனால் நம் மெய்க்கீர்த்திகள் மட்டும் குறைத்தா சொல்கின்றன? இரட்டபாடி ஏழரை இலக்கம் கொண்டதாக அவை பெருமை பேசும் போர் எது? அதேதான். ஒரே போர், இரண்டு கல்வெட்டு.

இலங்கையிலும் இப்படித்தான். சிங்கள மன்னன் 5-ம் மகிந்தனை 1017-ல் சோழப்படை சிறைபிடித்துக் கொண்டுவந்தது. 12 ஆண்டு சிறையிருந்து 1029-ல் சோழ நாட்டிலேயே அவன் இறந்துபோனான். விகாரைகளைச் சோழர் கொள்ளையிட்டதாகச் சிங்கள நூல் எழுதி வைத்திருக்கிறது. தமிழ்ப் பையன் ஒருவன் ராஜேந்திரனாக ஆடும்போது அது ஒரு வெற்றி. கண்டியில் ஒரு பையன் அதே ஆட்டத்தைப் பார்த்தால் அவன் மனதில் என்ன ஓடும்?

மாட் செய்பவன் கதைக்குறிப்பு எழுதும்போது இதையும் இரண்டு வரி எழுதுகிறானா, விட்டுவிடுகிறானா என்பதில்தான் அவன் சரித்திரம் படித்த லட்சணம் தெரியும்.

"எங்கள் தலைவரை விட்டுவிடுங்கள்"

ராஜாவைச் சேர்த்தால் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்துக் கம்பெனியே இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில் பியூப்ளோ என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். 1680-ல் ஸ்பெயின்காரர்களை எதிர்த்து அவர்கள் கிளர்ச்சி செய்தபோது தலைமை தாங்கியவர் போப்பே. 5-ம் பதிப்பின் இணைப்பில் அவரைச் சேர்க்கக் கம்பெனி விரும்பியது. பியூப்ளோ பெரியவர்களிடம் போய்க் கேட்டது. அவர்கள் கூடாது என்றுவிட்டார்கள். போப்பேயின் உருவத்தை விளையாட்டில் வைப்பது அவர்கள் மரபுக்கு ஒவ்வாதது. கம்பெனி அவரை விட்டுவிட்டது. 2013-ல் வெளியானபோது ஷோஷோனி என்ற வேறொரு பழங்குடி அந்த இடத்தில் இருந்தது. கேட்டார்கள், மறுத்தார்கள், விட்டார்கள். இது நல்ல முடிவு.

இன்னொன்று அப்படி முடியவில்லை. கனடாவில் கிரீ என்ற பழங்குடியின் தலைவர் பவுண்ட்மேக்கர். 1885-ல் அவரைத் துரோகி என்று சொல்லிச் சிறையில் அடைத்தது அரசு. 6-ம் பதிப்பின் இணைப்பில் அவரைச் சேர்ப்பதாக 2018 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. மரியாதை செய்வதாகத்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த மக்களின் தலைவர்களில் ஒருவரே ஆட்சேபம் தெரிவித்தார். அடுத்தவர் நிலத்தைப் பிடிப்பது எங்கள் வழக்கமே இல்லை. நிலம் பிடிக்கும் ஆட்டத்தில் எங்கள் தலைவரை எப்படி வைக்கலாம் என்பது அவர் வாதம். ஆட்டம் வெளிவந்துவிட்டது. கனடா அரசு பவுண்ட்மேக்கரைக் குற்றமற்றவர் என்று அறிவித்தது 2019-ல்தான்.

சோழர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அவர்கள் நிலம் பிடித்தவர்கள்தான்! அதைக் கல்லிலும் செம்பிலும் வெட்டி வைத்தவர்கள்.

பொழுதுபோக்கு பிழைப்பான கதை

"இதனால் சோறு கிடைக்குமா?" என்று நம் தகப்பனார் கேட்பார். நியாயமான கேள்வி.

'ஏஜ் ஆப் எம்பயர்ஸ்' என்பது இதே வகையில் இன்னொரு பிரபல ஆட்டம். அதன் 2-ம் பாகம் 1999-ல் வந்தது. கம்பெனி அதைக் கைவிட்ட பிறகும் ரசிகர்கள் விடவில்லை. சிலர் சேர்ந்து புது நாடுகளை உண்டாக்கி ஒரு பெரிய மாட் செய்தார்கள். அதில் இந்தியர்களும் இருந்தார்கள். வேலை சுத்தமாக இருந்ததைக் கண்டு, 2013-ல் அதை அதிகாரபூர்வமான இணைப்பாகவே வெளியிட்டார்கள். பொழுதுபோக்காகச் செய்தவர்கள் ஒரு கம்பெனியாகிவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. 'இந்தியர்' என்று எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டியது சரியல்ல என்று பிறகு உணர்ந்தார்கள். 2022 ஏப்ரலில் அந்த மூட்டையைப் பிரித்தார்கள். வங்காளிகள், கூர்ஜரர்கள், திராவிடர்கள் என்று புதிதாக மூன்று இனங்கள் வந்தன. திராவிடர்களுக்குச் சுருள்வாள் வீசும் வீரர்கள், யானைப்படை, பலமான கப்பல். குதிரைப்படை மட்டும் மட்டம். ஆடு புலிக் கணக்கு! அதில் ராஜேந்திர சோழனின் கதையை ஐந்து கட்டமாக ஆடலாம். முன்பு மாட் செய்பவர்களின் கனவாக இருந்தது கடைச் சரக்காகிவிட்டது.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஆயிரம் பேர் மாட் செய்தால் ஒரு சிலருக்குத்தான் வேலை கிடைக்கும். மகனைப் பரீட்சைக்குப் படிக்க வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

தஞ்சாவூரில் பிராங்க்ளின்!

'சிவிலைசேஷன்' ஆட்டத்தின் 7-ம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வந்தது. இந்த முறை கம்பெனியே சோழ நாட்டைத் தனி நாடாகச் சேர்த்துவிட்டது. மவுரியரும் தனியாக இருக்கிறார்கள். சோழருக்குக் 'கலம்' என்று ஒரு கப்பல் உண்டு. மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று இரண்டு கட்டடங்கள் உண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் கட்டினால் 'ஐந்நூற்றுவர்' என்ற பெயரில் ஒரு பேட்டை உருவாகும். இவை யாரோ கற்பனை செய்த பெயர்கள் அல்ல. பழைய வணிகக் குழுக்களின் பெயர்கள். கல்வெட்டிலும் செப்பேட்டிலும் உள்ளவை. கொல்லத்துச் செப்பேடு 849-லேயே அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் சொல்கிறது. அமெரிக்காவில் உட்கார்ந்து யாரோ மெனக்கெட்டுப் படித்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பதிப்பில் ஒரு புது ஏற்பாடு. நாடு வேறு, தலைவர் வேறு. எந்தத் தலைவரும் எந்த நாட்டையும் ஆளலாம். வெளியானபோது தலைவர்கள் பட்டியலில் அசோகர் இருந்தார். கன்பூசியஸ் இருந்தார். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் இருந்தார். ராஜராஜனும் இல்லை, ராஜேந்திரனும் இல்லை!

அதாவது பெரிய கோவிலைக் கட்டலாம். கலம் ஏறிக் கடல் கடக்கலாம். ஐந்நூற்றுவரை வைத்து வாணிபம் நடத்தலாம். ஆனால் சிம்மாசனத்தில் பிராங்க்ளின் உட்கார்ந்திருப்பார், மூக்குக் கண்ணாடியோடு.

ராத்திரி கண் விழிக்கும் பிள்ளைகளுக்கு மறுபடியும் வேலை வந்துவிட்டது.